வலது ஓரத்துச் சைக்கிள்கள்

“வலது பக்கம் காலி. எடும்மா” என்றார் சுப்புராமன். பிரதீபா எடுத்தாள்.

அடுத்த நொடி காரின் முன்னால் தகரம் நசுங்குகிற சத்தம். கண்ணாடியின் மேல் என்னவோ படபடவென்று வந்து விழுந்தது. கல் என்றுதான் சுப்புராமன் நினைத்தார். கல் இல்லை, சமோசா. சூடு ஆறாத வெங்காயச் சமோசாக்கள் பானெட்டிலும் தாரிலும் சிதறிக் கிடந்தன. மூடி கழன்ற பெரிய தகர டின் ஒன்று தன்பாட்டில் உருண்டுபோய் ஓரத்து எருக்கஞ்செடியில் முட்டி நின்றது.

“அப்பா, யாரையோ இடிச்சிட்டேன்” என்றாள் பிரதீபா. கத்தவில்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

கார் வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை, சுப்புராமனுக்கு லீவு. மகளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கூடுவாஞ்சேரியிலிருந்து ஆலம்பரைக் கோட்டை வரைக்கும் வந்திருந்தார். கடலைப் பார்த்தாயிற்று, இளநீர் குடித்தாயிற்று. ஊர்ச்சாலை போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிற முக்கு அது. நாலு வழியாக்கி நடுவில் சுவர் வைத்த பிறகு அங்கே இடது பக்கம் மட்டும்தான் திரும்ப முடியும். வண்டி வருவதென்றால் வலது பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். ஆகவே வலது பக்கம் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார், மகளும் பார்த்தாள்.

சைக்கிள் இடது பக்கத்திலிருந்து வந்திருந்தது.

சுப்புராமன் இறங்கி ஓடினார். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, கைலி. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. உடம்பில் பளபளக்கிற மஞ்சள் கோட்டு. அந்தக் கோட்டைச் சுப்புராமனுக்குத் தெரியும். அவர் சேப்டி ஆபீசராக இருக்கும் மருந்துக் கம்பெனியில், ஒப்பந்த ஆட்களுக்கென்று அவர் தன் கையாலேயே கொடுத்த கோட்டு அது. கம்பெனி கேண்டீனுக்கு நாலு மணி டீக்குச் சமோசா கொண்டுவருகிற நூர்முகமது.

நூர்முகமது கண்ணைத் திறந்தார். ஆளை அடையாளம் தெரிந்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

“சார்... நீங்களா? நான் கரெக்டாத்தான் சார் வந்தேன்.”

கண் மூடிக்கொண்டது.

அதற்குள் முக்கு டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். “டேய், நம்ம நூரு பாயிடா!” “இன்னாமே, கண்ணு பொடனியிலயா கீது? மனுசன் வர்றது தெரியல?” “பொம்பளப் புள்ளய ஏன்டா திட்ற, மொதல்ல ஒன் நாட் எய்ட்டுக்கு அடி!” ஆளுக்கு ஒரு குரல். இரண்டு தெருநாய்கள் மட்டும் சத்தமில்லாமல் சமோசாவைத் தின்றுகொண்டிருந்தன. பிரதீபா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, பிளேட் வைக்க வேண்டும், தலையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். நூர்முகமதுவின் மனைவி ஃபக்ருன்னிசா பஸ் மாறி வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. விரல் இடுக்கில் மைதாப் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. திங்கட்கிழமைக்கு வேண்டிய ஏற்பாட்டில் இருந்தாளாம். பெரிதாகத் தேய்த்து, கல்லில் லேசாக வாட்டி, நாடா நாடாவாக அறுத்து அடுக்கிய மாவை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“யாரு இடிச்சது?” என்று கேட்டாள்.

“நாங்கதாம்மா” என்றார் சுப்புராமன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் பிரதீபாவைப் பார்த்தாள். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, இல்லாத கறை ஒன்றைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள் பிரதீபா.

“இந்தப் பொண்ணா? தண்ணியாச்சும் குட்த்தீங்களா அதுக்கு?” என்றாள் ஃபக்ருன்னிசா.

ஏட்டு பாலசுப்ரமணியன் வந்து சேர்ந்தார். தொந்தி, வெற்றிலைச் சிவப்பு, எதற்கும் அசராத முகம். சுப்புராமனை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“சார், வழக்கமா இன்னா பண்ணுவோம்னா, சைக்கிளும் காரும்னா கார் மேலதான் போடுவோம். லாரியும் காரும்னா லாரி மேல. பெரிய வண்டிதான் குத்தவாளி, அது எழுதாத சட்டம். ஆனா இங்க டீக்கடை கேமராவுல க்ளீனா கீது. பாய் ராங் சைடு. ஒரு கிலோமீட்டர் எதிர்லயே மிதிச்சிக்கினு வந்துகிறாரு. பாப்பா மேல தப்பே கெடையாது. வண்டில நீங்க இருந்தீங்க இல்ல, புதன்கிழமைக்குள்ள வந்து ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் குட்த்துடுங்க. சைக்கிள்காரர் அஜாக்கிரதைன்னு முடிச்சிடலாம்.”

“அவர் என்ன சொல்றாரு?”

பாலசுப்ரமணியன் சிரித்தார். “அத ஏன் கேக்கறீங்க? ‘நான் ரூலாத்தான் வந்தேன்’னு ஒரே பேஜாரு. ராங் சைடுல வந்துட்டு ரூல் பேசறாரு மனுசன். ஊசி போட்டதுல ஒளர்றாரு போல.”

அன்றிரவு பிரதீபா கேட்டது ஒரே கேள்விதான். “அப்பா, யார் மேல தப்பு?”

“உன் மேல இல்லம்மா. அவர் எதிர்ப்பக்கத்துல வந்தாரு.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

அவள் படுத்துத் தூங்கிவிட்டாள். சுப்புராமனுக்குத்தான் ஏதோ உறுத்தியது. இருபத்தேழு வருஷமாக விபத்தை விசாரிப்பதுதான் அவர் பிழைப்பு. கம்பெனியில் ஒருவன் விரல் நசுங்கினாலும் இவர் நோட்டும் டேப்புமாகப் போய் நிற்பார். ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்கவேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். விரல் ஏன் நசுங்கியது? மூடி விழுந்தது. ஏன் விழுந்தது? திருகாணி இல்லை. ஏன் இல்லை? இப்படித் தோண்டிக்கொண்டே போனால் எங்கோ ஒரு ஆள் சோம்பேறித்தனமாகப் போட்ட ஒரு கையெழுத்தில் போய் நிற்கும். அந்த ஆளுக்கு மெமோ எழுதும்போது சுப்புராமனின் பேனா ஒருபோதும் தயங்கியதில்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த முக்குக்குப் போனார். மணி மூன்றரை. ஆவணி வெயில். உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்று உதட்டில் கரித்தது. தாரில் சமோசா எண்ணெய் இன்னும் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. டேப்பை விரித்து அளந்தார், போட்டோ எடுத்தார். நிமிர்ந்து பார்த்தபோது தெற்கிலிருந்து ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. வலது ஓரத்தில். எதிரே வருகிற கார்களையும் உப்பு லாரிகளையும் பார்த்தபடி, நிதானமாக. மஞ்சள் கோட்டு.

அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் மூன்று. நாலு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள். பதினொரு சைக்கிள் எண்ணினார். பதினொன்றும் வலது ஓரம். பதினொன்றிலும் மஞ்சள் கோட்டு.

அவருக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அவர் தினமும் வடக்கிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்து இறங்குகிறவர். கம்பெனிக்குத் தெற்கே இருக்கிற இந்த ரோட்டை அவர் வேலை நாளில் பார்த்ததே இல்லை. கையை நீட்டி ஒரு சைக்கிளை நிறுத்தினார். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி காலை ஊன்றினாள்.

“ஏம்மா, எதிர்ப்பக்கத்துல வர்றியே, அறிவிருக்கா?”

“எதிர்ப்பக்கமா? இதான சார் நம்ம பக்கம்.”

“உன் பேரென்ன?”

“எம் பேரே வேண்டா. ஒங்க ரூம தெனம் நாந்தான் பெருக்கறேன். நீங்க நிமிந்து பாத்தாதான?”

“சரி, ஏன் இந்தப் பக்கம் வர்றே?” இது முதல் ‘ஏன்’.

“எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும் இல்ல சார்? பின்னாடி வந்து தூக்கினு போனா இன்னாத்த பண்றது?”

“ஏன் அப்படி நெனைக்கறே? யார் சொன்னது?”

“நூரு பாய் சொன்னாரு. தெரு மொத்தத்துக்கும் சொன்னாரு. எவனாச்சும் லெப்டுல போனா வண்டிய நிறுத்தி வண்டவண்டையா திட்டுவாரு. அவரு சொல்லித்தான் எங்க தெருவுல நாப்பது சைக்கிளும் இந்தப் பக்கம் மாறிச்சி.”

“அவருக்கு ஏன் இப்படி ஒரு யோசனை?”

வேண்டா சிரித்துவிட்டாள். “அய்ய, இன்னா சார் தமாசு பண்ற? நீதான சொன்ன.”

ஐந்து ‘ஏன்’ தேவைப்படவில்லை. மூன்றாவதிலேயே கிணற்றுக்குள் தலைகுப்புற விழுந்ததுபோல இருந்தது சுப்புராமனுக்கு.

“நானா?”

“மாசி மாசம் கேட் பாஸுக்கு முத்திரை வெக்கணும்னு எல்லாரையும் ஒக்கார வெச்சி கிளாஸ் எட்த்தீங்க இல்ல? ‘ரோட்டுல எப்பவும் வலது பக்கமாப் போ, எதிர்ல வர்ற வண்டியப் பாத்துக்கினே போ’ன்னு படம் போட்டு காட்னீங்க. பாய் எழுந்து நின்னு கேட்டாரு, ‘சைக்கிளுக்கும் அப்படித்தானா சார்?’னு. நீங்க தலைய ஆட்டி, ‘எல்லாருக்கும்தான்’னீங்க. அந்தாளு மறுநாளே மாறிட்டாரு.”

நடப்பவர்களுக்கான வகுப்பு அது. வேலை முடிந்து நடந்து போன ஒரு தோட்டக்காரரை வேன் உரசிவிட்டதால் நடத்தியது. நடப்பவர்கள் வலது ஓரமாகப் போகவேண்டும், எதிரே வருவதைப் பார்த்து விலகலாம். சரியான விதி. சைக்கிளுக்கு அது எமன்.

“இல்லம்மா, அது நடக்கறவங்களுக்கு! சைக்கிளும் ஒரு வண்டி. வண்டி எல்லாம் இடது பக்கம்தான் போகணும்!”

அதற்குள் இன்னும் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். மெலிந்த ஆள் ஒருவர், ஜெபகுமார் என்று பிறகு தெரிந்தது, ஹாண்டில்பாரில் கைகளை மடித்து வைத்துக்கொண்டு நக்கலாகக் கேட்டார்.

“அப்ப ஆறு மாசம் முன்னாடி சொன்னது?”

“தப்பு.”

“சனிக்கெழம வரைக்கும் ரைட்டு. ஒன் பொண்ணு பாய இடிச்சதும் தப்பாயிடுச்சி. நல்லா கீதே சார் கத. பாய் மேல கேஸத் தள்றதுக்கு எங்க வாய வெச்சே சாட்சி ரெடி பண்றியா?”

“சத்தியமா இல்லப்பா...”

“வுடு சார். டூட்டிக்கு லேட்டாவுது.”

நின்ற சைக்கிள்கள் எல்லாம் வலது ஓரத்திலேயே ஏறி மிதித்துப் போயின. ஓர் உப்பு லாரி காது கிழிய ஹாரன் அடித்து விலகிப் போனது. அந்தப் புழுதி அடங்குவதற்குள் கடைசியாக ஒரு சைக்கிள் வந்தது. பின்னால் தகர டின். டின்னில் ஒரு பக்கம் சொட்டை விழுந்து, சுத்தியலால் தட்டி நேராக்கியிருந்தது. ஓட்டிவந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். முக்காடு காற்றில் பறக்காமல் இருக்க ஊக்கு குத்தியிருந்தாள்.

“நீ நூர்முகமது பொண்ணாம்மா?”

“ஃபர்சானா. நீங்கதான் அந்தக் காரா?”

அவர் தலையாட்டினார். “அம்மா, நீ இடது பக்கம் போம்மா. அந்த யூ-டர்ன் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போய்...”

“மாட்டேன்.”

“ஆபத்தும்மா. உங்கப்பாவுக்கு நடந்ததே...”

“தெரியும் சார். எனக்கே பயமாத்தான் கீது. லாரி வந்தா கண்ண மூடிக்கறேன்.” அவள் கண் அவரை விட்டு நகரவில்லை. “நான் லெப்டுல போனா எங்க அத்தா தப்பா வந்தார்னு நாங்களே ஒத்துக்கின மாதிரி ஆயிடும். ஆஸ்பத்திரில அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கினு கீறாரு, நான் ரூலாத்தான் வந்தேன்னு. நர்ஸு சிரிக்குது. போலீசு சிரிக்குது. நானும் பக்கத்த மாத்திட்டா அவருக்கு யாருதான் கீறாங்க?”

பெடலை அழுத்தினாள். டின் தடதடவென்று ஆட, எதிரே வந்த பஸ்ஸை நோக்கி நேராகப் போனாள்.

சுப்புராமன் கம்பெனிக்கு ஓடினார். ஆடிட்டில் காட்டுவதற்காக ஒவ்வொரு வகுப்பையும் வீடியோ எடுத்து வைப்பது அங்கே வழக்கம். மாசி மாத வீடியோவைத் தேடி ஓடவிட்டார். கடைசி மூன்று நிமிஷத்தில் அது இருந்தது. நூர்முகமது கையைத் தூக்கி, எழுந்து நின்று கேட்கிறார். திரையிலிருந்த சுப்புராமன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பாதி கடித்த சமோசா. அதுவும் அந்த நூர்முகமது போட்ட சமோசா. ‘ஆமா ஆமா, எல்லாருக்கும்தான்’ என்கிறார். கேள்வியை அவர் காதிலேயே வாங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நூர்முகமது மட்டும் ரொம்பத் திருப்தியாக உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் ‘பாத்தியா’ என்பதுபோல முழங்கையால் இடித்தார்.

நாலு தடவை பார்த்தார். நாலு தடவையும் அவர் தலையாட்டினார்.

வீட்டில் சொன்னபோது அவர் மனைவி அமிர்தவல்லி கையிலிருந்த அரிசி களையும் பாத்திரத்தை அப்படியே தொட்டியில் வைத்தாள்.

“யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாதீங்க. தை மாசம் ரிடையர் ஆகப் போறீங்க. இருபத்தேழு வருஷம் நல்ல பேரு. போலீஸே இவ மேல தப்பு இல்லன்னு சொல்லியாச்சு. ஒருத்தர் கேட்டதுக்கு வாய் தவறி ஆமான்னு சொல்றது ஒரு குத்தமா? ஊர்ல தினம் ஆயிரம் பேர் ராங் சைடுல போறான். அவங்களுக்கெல்லாம் நீங்களா கிளாஸ் எடுத்தீங்க?”

“அந்த நாற்பது பேருக்கு நான்தானே எடுத்தேன் அமிர்தா.”

வாசலில் பிரதீபா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகம் வெளிறிப்போயிருந்தது.

“அப்பா, நீங்கதானே எனக்கும் சொல்லிக் குடுத்தீங்க?”

“என்னம்மா?”

“அந்த முக்குல வலது பக்கம் பாத்தா போதும்னு. நான் இடது பக்கம் திரும்பவே இல்ல. நீங்க சொன்னீங்க, நான் எடுத்தேன். நீங்க சொன்னீங்க, அவர் வந்தாரு.”

சுப்புராமனுக்கு இதுவரை தோன்றாத விஷயம் அது. மோதிக்கொண்டவர்கள் இரண்டு பேரும் அவர் பேச்சைத் தட்டாதவர்கள்.

“உன் மேல தப்பு இல்லம்மா...”

“இருக்குப்பா. கழுத்தத் திருப்பறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்கு யாரும் சொல்லித் தரணுமா?” அவள் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அழுதாள். “அவருக்குச் சொல்லுங்கப்பா. அவர ஒளர்றாருன்னு சொல்றாங்க. நீங்களும் கேட்டுக்கிட்டு நின்னீங்க.”

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டேஷனில் பாலசுப்ரமணியன் முழுக் கதையையும் கேட்டார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“சார், நீங்க நல்லவரு. ஆனா இத நான் எங்க எழுதறது?” ஒரு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். “இதோ பாருங்க. ஓட்டினவர் பேருக்குக் கட்டம் கீது. அடிபட்டவர் பேருக்குக் கட்டம் கீது. பாத்தவர் பேருக்குக் கீது. சொன்னவர் பேருக்குக் கட்டம் இல்லியே?”

“தனித் தாள்ல எழுதித் தர்றேன். வீடியோவும் இருக்கு.”

“அத்த வெச்சிக்கினு நான் இன்னா செக்‌ஷன் போடுவேன்? தலையாட்னதுக்கா? அப்படிப் போட்டா நாட்டுல பாதிப் பேரு உள்ள இருக்கணும். நைனா, ஒண்ணு பாய் மேல தப்பு, இல்ல பாப்பா மேல தப்பு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“ரெண்டும் இல்ல. என் மேல.”

“அது கோர்ட்டுல நிக்காது.”

“கோர்ட்டுல நிக்கலேன்னா பரவாயில்ல. இந்தப் பேப்பர்ல நிக்கட்டும்.”

மூன்று பக்கம் எழுதினார். இருபத்தேழு வருஷம் மற்றவர்களுக்கு மெமோ எழுதிய அதே கையெழுத்து. ‘சைக்கிள் ஓட்டுநர் நூர்முகமது, எனது தவறான அறிவுரையைப் பின்பற்றியே வலது ஓரமாக வந்தார்’ என்ற வரியில் மட்டும் பேனா நின்று நின்று போயிற்று. இதன் நகல் மேலாளருக்கு என்று அடியில் எழுதி, கம்பெனிக்கும் அனுப்பினார். பாலசுப்ரமணியன் பெருமூச்சு விட்டு, “குத்தி வெக்கறேன், வேற இன்னா பண்றது?” என்று ஃபைலில் சேர்த்தார்.

ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தபோது மூன்றரை மணி. பன்னிரண்டு கட்டில். நடுவில் நூர்முகமது, காலில் மாவுக்கட்டு, ஒடுங்கிய முகம். ஃபக்ருன்னிசா பிளாஸ்கிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுப்புராமனைப் பார்த்ததும் நூர்முகமது எழுந்து உட்கார முயன்றார். முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல ஒரு வெளிச்சம்.

“வந்துட்டாரு பாத்தியா? நான் சொன்னேனா இல்லியா? சிஸ்டர், இங்க வாங்க! எல்லாரும் கேட்டுக்கோங்க! இவருதான் எங்க சேப்டி சாரு. சார், நீங்களே சொல்லுங்க, நான் ரூலாத்தான வந்தேன்?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். மருந்துத் தட்டோடு போன நர்ஸ் நின்றாள்.

சுப்புராமன் கட்டிலருகே போய் நின்றார்.

“பாய், நீங்க நான் சொன்னபடி அப்படியே வந்தீங்க. ஒரு அடி மாறல. நீங்க ஒளறல.” வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “ஆனா நான் சொன்னது தப்பு.”

“எது?”

“வலது பக்கம் நடக்கறவங்களுக்குத்தான். சைக்கிளுக்கு இடது பக்கம்.”

நூர்முகமதுவின் முகத்தில் அந்த வெளிச்சம் உடனே அணையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பிறகுதான் மெல்ல மெல்லப் போயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை.

“நான் கேட்டனே சார்.”

“கேட்டீங்க பாய்.”

“கையத் தூக்கிக் கேட்டேன்.”

“ஆமா.”

“எழுந்து நின்னு கேட்டேனே. படிக்காதவன், தப்பாப் புரிஞ்சிக்கக் கூடாதுன்னுதான எழுந்து நின்னு கேட்டேன்?”

“நான்தான் காதுல வாங்கல.”

ஃபக்ருன்னிசா கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலடியில் வைத்தாள். “இன்னா மனுசன்யா நீ?” என்றாள். சனிக்கிழமை பிரதீபாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்ன அதே குரல், இப்போது கத்தி மாதிரி இருந்தது. “முப்பது வருசம் லெப்டுல போனவர் இவரு. ஒரு கீறல் விழுந்ததில்ல. ஒரு வார்த்த கேட்டு சொல்றதுக்கு உனுக்கு நேரமில்லியா?”



நூர்முகமது அவளைக் கவனிக்கவே இல்லை. எதையோ கணக்குப் போடுவதுபோல விரல்களை மடக்கத் தொடங்கியிருந்தார்.

“வேண்டாவுக்குச் சொன்னேன். ஜெபகுமாரு கேக்கல, அவன சண்ட போட்டு மாத்தினேன். சரோஜாக்கா, அவுங்க மருமவ. பள்ளிவாசல்ல வெச்சி அதீப்புக்கும் அவன் பசங்களுக்கும் சொன்னேன். இஸ்கூலுக்குப் போற புள்ளைங்கள நிறுத்தி நிறுத்திச் சொன்னேன் சார்.” மடக்க விரல் போதாமல் மறு கைக்குப் போனார். “நானும் யாரையும் கேக்க வுடலியே. சாரே சொல்ட்டாருன்னு வாய அடச்சிட்டேனே.”

“அவங்க நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க பாய். நேத்தே சொன்னேன். கேஸுக்காக மாத்திப் பேசறேன்னு போயிட்டாங்க. உங்க பொண்ணுகிட்டயும் சொன்னேன். நீங்க தப்பு பண்ணினதா ஆயிடும்னு அந்தப் பக்கத்துலயே போறா. லாரி வந்தா கண்ண மூடிக்கறாளாம்.”

மடங்கிய விரல் அப்படியே நின்றது.

“ஃபர்சானாவா? அது எதுக்கு ரோட்டுக்கு வருது?”

ஃபக்ருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். “நாலு மணி டீக்கு யாரு கொண்டுபோய்க் குடுக்கறது? அதுதான் நேத்துலேர்ந்து...”

“மணி இன்னா இப்ப?”

“மூணே முக்கால்” என்றார் சுப்புராமன்.

“போனப் போடு” என்றார் நூர்முகமது. “போனப் போடுடி!”

ஃபக்ருன்னிசா முதல் தடவை தப்பாக அழுத்தினாள். இரண்டாவது தடவை மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றுபோனது. மறுபடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

“இன்னா அத்தா? ஓட்டிக்கினு கீறேன், சீக்கிரம் சொல்லு.” காற்றின் இரைச்சல். அதற்குப் பின்னால் எங்கோ நீளமான ஹாரன்.

“எந்தப் பக்கம் வர?”

“நம்ம பக்கம்தான் அத்தா!” என்றாள் ஃபர்சானா. பெருமையாகத்தான் சொன்னாள்.

நூர்முகமது சுப்புராமனைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“எறங்கு.”

“இன்னாது?”

“சைக்கிள வுட்டு எறங்கும்மா.”

“டீ டைம் ஆயிடும் அத்தா, கேண்டீன்காரர் கத்துவாரு...”

“கத்தட்டும். எறங்கு. எறங்கித் தள்ளிக்கினு நட. அந்தப் பக்கம் நடக்கறவங்களுக்கும்மா. ஓட்டாத. நட.”

போனில் ஹாரன் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. ஏதோ ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு கடந்து போனது. ஃபக்ருன்னிசா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“எறங்கிட்டேன்” என்றாள் ஃபர்சானா.

மகளின் செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்கிற வரைக்கும் நூர்முகமது போனை வைக்கவில்லை.